ஸ்டிக்ஸ்: காவலாளி பார்த்தாலே செத்துப்போகிறேன், என்ன செய்வது?

கேள்வி:
2014-ல் வந்த ஸ்டிக்ஸ்: மாஸ்டர் ஆஃப் ஷேடோஸ் என்ற வீடியோ கேமை இப்போதுதான் ஆடுகிறேன். ஒரு காவலாளியைப் பின்னாலிருந்து குத்தினால், அடுத்த அறையில் இருப்பவன் ஓடி வருகிறான். கத்திச் சண்டையில் ஒருவனைச் சமாளிப்பதற்குள் இரண்டாவது ஆள் முடித்துவிடுகிறான். எனக்குத்தான் ஆடத் தெரியவில்லையா?

பதில் 1:
சண்டையே போடாதீர்கள், நாம் ஆடும் ஸ்டிக்ஸ் ஒரு குட்டிக் கோப்ளின் (குட்டிப் பூதம் மாதிரி), போர்வீரன் இல்லை. குத்துவதில் இரண்டு வகை உண்டு: சட்டென்று முடிப்பது சத்தம் போடும், வாயைப் பொத்தி முடிப்பது நேரம் எடுக்கும் ஆனால் யாருக்கும் கேட்காது. நீங்கள் முதல் வகையைத்தான் செய்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அப்புறம் உடலை இழுத்துப்போய் மறைக்க மறக்காதீர்கள். தூரத்தில் எரியும் தீப்பந்தத்தை மணல் எறிந்து அணைக்கலாம், அதை முதலில் செய்தால் பாதி வேலை முடிந்தது.

பதில் 2:
குளோனை (ஸ்டிக்ஸின் நகலை) விட்டுவிட்டீர்களே! ஸ்டிக்ஸ் வாந்தி எடுத்து இன்னொரு ஸ்டிக்ஸை உண்டாக்குவான் (முதல் தடவை பார்த்தபோது எனக்கும் குமட்டியது). அதை அலமாரிக்குள் ஒளித்து வைத்தால், பக்கத்தில் வருபவனைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் ஆம்பர் (அவனுடைய சக்திகளுக்குத் தேவையான பொருள்) செலவாகும், பார்த்துப் பயன்படுத்துங்கள்.

பதில் 3:
ரோபி என்ற பூச்சிகள் வரும் இடத்தில் இருட்டில் ஒளிந்து பிரயோஜனமில்லை, அவற்றுக்குக் கண்ணே கிடையாது, சத்தத்தை வைத்துத்தான் வரும். குதிக்காமல் குனிந்தே நகருங்கள்.

கேள்வி கேட்டவர்:
சரி, வாயைப் பொத்திப் பார்த்தேன். மூன்று பேர் போயாகிவிட்டது, ஒருவனும் திரும்பிப் பார்க்கவில்லை. நாலாவது ஆளின் தலையில் நானே தவறி விழுந்துவிட்டேன்.