குடும்பக் குழுவில்: ஓட்டத்தின் நடுவே வந்த படபடப்பு

நான்: அனைவருக்கும் வணக்கம். தம்பி காவலர் உடல்தகுதித் தேர்வுக்காகத் தினமும் 1500 மீட்டர் ஓடிப் பழகுகிறான் அல்லவா? இன்று காலை மூன்றாவது சுற்றில் நெஞ்சு படபடத்து, கண் இருட்டி, ஓடுதளத்திலேயே சரிந்துவிட்டதாக இப்போதுதான் என்னிடம் சொன்னான்.

அம்மா: வெறும் வயிற்றில் ஓடினால் தலை சுற்றாமல் என்ன செய்யும்? ஒரு டம்ளர் கம்பங்கூழாவது குடித்துவிட்டுப் போ என்று நான் சொல்லாத நாளில்லை.

மதுரைச் சித்தி: பசியாகவும் இருக்கலாம் அக்கா. ஆனால் இருதயப் பிரிவில் இத்தனை காலம் செவிலியராக இருந்தவள் என்ற முறையில், முதலில் அவனிடம் ஒன்று கேட்கிறேன். தம்பி, ஓடிக்கொண்டிருக்கும்போதே மயக்கம் வந்ததா, ஓடி முடித்து நின்ற பிறகு வந்ததா?

தம்பி: ஓடும்போதேதான் சித்தி. மூச்சு வாங்கும்போது துடிப்பு மெல்ல மெல்ல ஏறுமே, அப்படி இல்லை. சட்டென்று தாறுமாறாக அடித்தது. உடன் ஓடியவர்கள் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்களாம், எனக்கு அது கேட்கவே இல்லை.

மதுரைச் சித்தி: வேகமாக ஓடிவிட்டுச் சட்டென்று நின்றால், கால் தசைகள் இரத்தத்தை மேலே தள்ளுவதும் நின்றுவிடும்; இரத்தம் கால்களில் தேங்கி, இரத்த அழுத்தம் இறங்கி, தலை சுற்றும். அது பெரும்பாலும் ஆபத்தில்லாதது. படுத்துக் காலை உயர்த்தி வைத்தால் தெளிந்துவிடும். ஓட்டத்தின் நடுவிலேயே நினைவு தப்புவது அப்படிப்பட்டதன்று. இதயத் தசை தடித்திருப்பது, இதய இரத்தக்குழாய் பிறவியிலேயே தவறான இடத்திலிருந்து கிளம்புவது, வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு இதயத் தசை அழற்சி அடைவது, இதயத்தின் மின்னோட்டக் கோளாறு ஆகியவை இளவயதினரிடம் இப்படித்தான் தலைகாட்டும். இரத்தசோகை, தைராய்டு மிகைச் சுரப்பு, உடலில் நீர் குறைவது ஆகியவையும் படபடப்பைத் தரும் என்பதால் அவற்றையும் பார்ப்பார்கள். ஆனால் ஈ.சி.ஜி. (இதய மின்பதிவு), எக்கோ (ஒலி அலைகளால் எடுக்கும் இதயப் படம்) இரண்டும் எடுத்து மருத்துவர் பார்க்கும்வரை அவன் ஓடவே கூடாது.

அப்பா: தேர்வு நெருங்கிவிட்டதம்மா. 7 நிமிடங்களுக்குள் 1500 மீட்டரை முடித்தாக வேண்டும். இந்த நேரத்தில் பயிற்சியை விட்டால் இரண்டு ஆண்டு உழைப்பு வீணாகிவிடுமே என்றுதான் யோசிக்கிறேன்.

மதுரைச் சித்தி: உங்கள் கவலை எனக்குப் புரிகிறது, அத்தான். தேர்வு இன்னொரு முறை வரும். நாளைக் காலையிலேயே அவனைக் கூட்டிப் போங்கள். இன்றிரவு மறுபடி மயக்கமோ நெஞ்சுவலியோ வந்தால் விடியட்டும் என்று காத்திராமல் 108-ஐ அழையுங்கள்.

சென்னை அண்ணன்: தம்பி, உடற்பயிற்சிக்கு முன் குடிக்கும் பொடி ஏதாவது எடுத்துக்கொள்கிறாயா? மறைக்காமல் சொல்.

தம்பி: நண்பன் கொடுத்தான் அண்ணா. ஒரு வாரமாகத் தண்ணீரில் கலந்து குடிக்கிறேன்.

மதுரைச் சித்தி: அத்தகைய பொடிகளில் காஃபின் மிகுதியாக இருக்கும், இன்றே நிறுத்திவிடு. டப்பாவை எறிந்துவிடாதே, மருத்துவரிடம் காட்ட வேண்டும். பழியை அதன்மேல் மட்டும் போட்டுவிட்டுப் பரிசோதனையைத் தவிர்க்கவும் கூடாது.

பெரியப்பா: இதுவரை எல்லாவற்றையும் படித்துக்கொண்டிருந்தேன். எழுதுவதா வேண்டாமா என்ற தயக்கத்தோடுதான் இதை எழுதுகிறேன். எங்கள் கடைசித் தம்பி 1989-இல், பத்தொன்பது வயதில், ஊர்க் கிணற்றில் இறந்துபோனான். மற்ற பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுத்தவனே அவன்தான். முனி அடித்துவிட்டது என்று ஊரார் சொன்னார்கள். எங்கள் அப்பாவும் அதன் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அதற்கு முன்பு பள்ளி ஓட்டப்பந்தயத்தில் ஒருமுறை மயங்கி விழுந்திருக்கிறான். காக்காய்வலிப்பு என்று சொல்லி மாத்திரை கொடுத்துவந்தார்கள்.

அப்பா: ஆமாம் அண்ணா. எனக்கும் அது நினைவுக்கு வந்தது. நம் அம்மாவின் முகத்தை நினைத்து வாய் திறக்கவில்லை.

மதுரைச் சித்தி: நீங்கள் எழுதியதற்கு மிக்க நன்றி, பெரியத்தான். நாளை மருத்துவரிடம் முதலில் சொல்ல வேண்டியது இதுதான். இதயத் துடிப்புக்குப் பின் மின்னோட்டம் பழைய நிலைக்குத் திரும்ப அதிக நேரம் எடுக்கும் ஒரு பிறவிக் கோளாறு உண்டு. அதை நீள் க்யூ.டி. என்பார்கள். அதில் ஒரு வகைக்காரர்களுக்கு ஓட்டமும், குறிப்பாக நீச்சலும், ஆபத்தான துடிப்பைத் தூண்டும். அந்த மயக்கத்தில் கைகால் உதறுவதால் வலிப்பு என்று தவறாகக் கருதப்படுவதும் உண்டு. நன்றாக நீந்தத் தெரிந்த இளைஞன் காரணம் தெரியாமல் மூழ்கினான் என்றால் மருத்துவர்கள் இதையும் நினைப்பார்கள். இது பெற்றோர் வழியாக வரும். ஆனால் பலருக்கு வாழ்நாள் முழுவதும் எந்தத் தொந்தரவும் இருக்காது.

(மறுநாள் மாலை)

நான்: மருத்துவமனையிலிருந்து இப்போதுதான் வந்தோம். எக்கோவில் குறையில்லை. ஈ.சி.ஜி.யில், சித்தி சொன்ன அந்த க்யூ.டி. நேரம், துடிப்பு வேகத்துக்கு ஏற்பத் திருத்திய அளவில், 490 மில்லிவிநாடி என்று வந்திருக்கிறது. ஆண்களுக்கு 450 வரை இயல்பு என்றார் மருத்துவர். சித்தப்பாவைப் பற்றிச் சொன்னதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, முழுவதையும் மறுபடி சொல்லச் சொன்னார். இரத்தத்தில் பொட்டாசியம் அளவைப் பார்க்க எழுதியிருக்கிறார்; இதயத் துடிப்பை நிதானப்படுத்தும் ப்ரொப்ரானலால் மாத்திரை தொடங்கியிருக்கிறார்; துடிப்புக் கோளாறுகளுக்கான சிறப்பு மருத்துவரிடம் அனுப்புகிறார். ஓட்டமும் நீச்சலும் இப்போதைக்கு அறவே கூடாது.

தம்பி: மருந்தைத் தொடர்ந்து எடுத்துக்கொண்டால் பெரும்பாலோர் நன்றாக வாழ்கிறார்கள் என்றார் சித்தி. தேர்வைப் பற்றிக் கேட்டேன். முடிவு தெரியும்வரை காத்திரு என்றார்.

மதுரைச் சித்தி: காத்திருப்பது கடினம்தான் கண்ணா, நான் அறிவேன். ஒரு வேளை மாத்திரையையும் விட்டுவிடாதே. காய்ச்சல், சளி, வயிற்றுப்போக்கு எதுவானாலும் மருந்துக்கடையில் நீயாக எதையும் வாங்கக் கூடாது. அஸித்ரோமைசின் போன்ற சில மருந்துகள் இந்த அளவை இன்னும் நீட்டிவிடும். அத்தான், பெரியத்தான், நீங்கள் இருவரும், அவரவர் பிள்ளைகளும் ஒருவர் விடாமல் ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு.

பெரியப்பா: ஞாயிற்றுக்கிழமை பேத்தியின் நீச்சல் வகுப்பு இருக்கிறது. அவளையும் அனுப்ப வேண்டாமா?

மதுரைச் சித்தி: அனுப்ப வேண்டாம். திங்கட்கிழமை உங்களுக்கும், அவள் அப்பாவுக்கும், அவளுக்கும் ஈ.சி.ஜி. எடுத்துப் படத்தை எனக்கு அனுப்புங்கள். நான் எங்கள் மருத்துவரிடம் காட்டுகிறேன்.