ராணுவ உபரி வெடிமருந்தில் ரைபிள் தோட்டா நிரப்புதல்: அனுபவப் பகிர்வு

பாலைநிலத்தான் (அரிசோனா):

புதிதாகத் தோட்டா நிரப்பத் தொடங்கும் நண்பர்கள் ராணுவ உபரி வெடிமருந்தின் விலையைப் பார்த்துவிட்டுக் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். ராணுவத்தின் டபிள்யூ.சி. 844 என்பதும் கடையில் விற்கும் எச் 335 என்பதும் ஒரே மருந்து என்கிறார்களே, நிரப்பு அளவுகளைத் தரும் கையேட்டில் எச் 335-க்குக் கொடுத்திருக்கும் அளவையே போட்டுவிடலாமா? கூடாது. ஏன் கூடாது என்பதை நான் நேரில் பார்த்தவற்றோடு சேர்த்து எழுதுகிறேன்.

கடையில் ஒரு பவுண்டு, எட்டுப் பவுண்டு டப்பாக்களில் வரும் மருந்தை உற்பத்தியாளர்கள் அப்படியே அடைத்து அனுப்புவதில்லை. சற்று வேகமாக எரியும் லாட்டையும் (லாட் என்பது ஒரே தடவையில் தயாரான மருந்துத் தொகுதி) சற்று மெதுவாக எரியும் லாட்டையும் கலந்து, எரிவேகம் ஒரு குறுகிய எல்லைக்குள் நிற்கும்படி செய்த பிறகே விற்பனைக்கு விடுகிறார்கள். கையேட்டில் அச்சிட்ட அளவு பல ஆண்டுகள் கழித்து வாங்கும் டப்பாவுக்கும் பொருந்துவது இதனால்தான். ராணுவத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை. மிசௌரி மாநிலத்தின் லேக் சிட்டி போன்ற தோட்டா ஆலைக்குப் புதிய லாட் வந்தால், அழுத்த வரம்பைத் தாண்டாமல் குறித்த வேகத்தை எட்ட எத்தனை கிரெய்ன் (மருந்தை நிறுக்கும் சிறு எடை அலகு) வேண்டும் என்பதை அந்த லாட்டையே சுட்டுச் சோதித்து முடிவு செய்கிறார்கள். அடுத்த லாட்டுக்கு வேறு அளவு வரலாம். அந்த இரண்டு லாட்டுகளும் உபரியாக ஏலத்துக்குப் போய், சிறு வியாபாரி ஒருவரிடம் பிரிக்கப்பட்டு நம் கைக்கு வரும்போது, டப்பாவின் மேல் இருப்பது ஒரே பெயர்தான்.

எங்கள் சுடுதளத்துக்கு வரும் பெரியவர் ஒருவர் இயந்திரப் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்; அவரிடம் டபிள்யூ.சி. 852 இரண்டு குடுவைகளில் இருந்தது. அந்த மருந்தில் வேக லாட், மெது லாட் என்று பெரிய வித்தியாசம் உண்டு என்பது நிரப்புபவர்கள் பலரும் அறிந்ததே. அவர் இரண்டிலிருந்தும் ஒரு சிட்டிகை எடுத்து வெள்ளைத் தாளில் கொட்டிக் காட்டினார். கிராஃபைட் பூச்சால் மினுங்கும், லேசாக நசுங்கிய, கரும்சாம்பல் நிற உருண்டைகள். கண்ணாலோ விரலாலோ எதையும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. இரண்டிலும் மிகக் குறைந்த அளவில் ஒரே எடையைப் போட்டு, குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராப்புக்கு மேல் சுட்டபோது, நொடிக்கு நூறு அடிக்கும் மேல் வேறுபாடு வந்தது. வேக லாட்டின் காலி உறைகளில், மருந்தைப் பற்றவைக்கும் ப்ரைமரின் வட்ட விளிம்பு தட்டையாகத் தொடங்கியிருந்தது. மெது லாட்டின் மேல்வரம்புக்கு ஏற்ற அளவை இதில் போட்டிருந்தால், துப்பாக்கியின் பின்பக்கத்தை மூடும் போல்ட்டின் பிடியை உள்ளங்கையால் தட்டித் தூக்க வேண்டியிருக்கும், உறையின் அடிப்பக்கத்தில் காலி உறையை வெளியே தள்ளும் எஜெக்டரின் தடம் பளிச்சென்று பதிந்திருக்கும். அந்த அடையாளங்கள் தெரியும்போது அழுத்தம் ஏற்கெனவே எல்லையைத் தாண்டியிருக்கும் என்பதை அவர் எல்லோருக்கும் பொறுமையாக எடுத்துச் சொன்னார். ஆகவே கையேட்டின் தொடக்க அளவுக்கும் கீழிருந்து, சிறுசிறு படிகளாக, ஒவ்வொரு லாட்டையும் முன்பின் தெரியாத மருந்தாகவே எண்ணி ஏறிச் செல்ல வேண்டும் என்பது அவருடைய வழக்கம், என்னுடையதும் அதுவே.

ஒரு விதிவிலக்கையும் சொல்லிவிட வேண்டும். .50 காலிபர் தோட்டாவுக்கான டபிள்யூ.சி. 860, 20 மி.மீ. பீரங்கிக்கான 872 ஆகிய மிக மெதுவான மருந்துகளில், அளவைக் குறைத்துக்கொண்டே போவதும் ஆபத்துதான். உறை பாதி காலியாக இருக்கும்போது மருந்து சரியாகப் பற்றாமல் குண்டு குழலிலேயே தங்கிவிடலாம். அதைக் கவனிக்காமல் அடுத்ததைச் சுட்டால் துப்பாக்கி தாங்காது.

ஒரே பெயருக்குள் இரண்டு மருந்துகள் இருக்க முடியும் என்பதை வியட்நாம் போரில் அமெரிக்க ராணுவமே பட்டுத் தெரிந்துகொண்டது. 7.62 மி.மீ. தோட்டாவுக்குப் பயன்பட்டுவந்த டபிள்யூ.சி. 846-ஐ 1964-இல் எம் 16 ரைபிளின் 5.56 மி.மீ. தோட்டாவுக்கும் எடுத்துக்கொண்டார்கள். சுடும் வேகம் கூடியது, கசடு சேர்ந்தது, மருந்தில் இருந்த கால்சியம் கார்பனேட் வாயுக்குழாயில் படிந்தது. 1967-இல் அமெரிக்க நாடாளுமன்றத் துணைக்குழு இதை விசாரித்தது. பிறகு கால்சியம் கார்பனேட்டைக் குறைத்து 5.56-க்கென்று தனியாகப் பிரித்ததே 844. ஆகவே 846 என்று எழுதிய பழைய டப்பா கிடைத்தால், எந்தக் காலத்து லாட் என்று கேட்காமல் காசு கொடுக்காதீர்கள்.

வடமலையான் (மொன்டானா):

மேலே எழுதியவர் உருண்டைத் துகள் மருந்தைப் பற்றிச் சொன்னார். நான் குச்சித் துகள் மருந்தைப் பற்றி, குறிப்பாக 4831-ஐப் பற்றி எழுதுகிறேன். உபரி மருந்து இந்த நாட்டில் வீட்டுப் பழக்கமானதற்கு புரூஸ் ஹாட்ஜ்டன் என்ற கன்சாஸ்காரர் பெரிய காரணம். இரண்டாம் உலகப் போர் முடிந்தபின், விற்குமா விற்காதா என்று தெரியாத நிலையில், ஆயுள் காப்பீட்டின் மேல் கடன் வாங்கி அரசிடமிருந்து 50,000 பவுண்டு 4895 மருந்தை வாங்கினார். பழைய ரயில் சரக்குப்பெட்டி ஒன்றை வாடகை மேய்ச்சல் நிலத்தில் நிறுத்தி, அதையே கிடங்காக வைத்துக்கொண்டார். எம் 1 காரண்ட் ரைபிளின் .30-06 தோட்டாவுக்குப் போன மருந்து அது. அடுத்து வந்த 4831, 20 மி.மீ. பீரங்கியின் மருந்து; .270 வின்செஸ்டருக்கு அது அமைந்த விதத்தால் வேட்டைக்காரர்கள் பலர் வேறு மருந்தைத் தொடவே இல்லை.

சிக்கல் பிறகு வந்தது. உபரி இருப்பு குறைந்தபோது ஹாட்ஜ்டன் அதே தன்மையுள்ள மருந்தை ஸ்காட்லாந்தில் புதிதாகச் செய்வித்து விற்றார். டூபான்ட் நிறுவனமும் 1970-களில் ஐ.எம்.ஆர். 4831 என்று ஒன்றைக் கொண்டுவந்தது. இது ஹாட்ஜ்டனின் எச் 4831-ஐ விட வேகமானது. எண் ஒன்றுதான், அளவு ஒன்றல்ல. அந்தக் காலத்துக் குறிப்பேடுகளில் வெறும் "4831" என்றே எழுதியிருப்பார்கள். தந்தையின் குறிப்பேட்டைப் பார்த்து இன்றைய ஐ.எம்.ஆர். டப்பாவிலிருந்து நிரப்ப இருந்த இளைஞர் ஒருவரை எங்கள் ஊர்க் கடைக்காரர் தடுத்து, இரண்டு டப்பாக்களையும் முன்னால் வைத்து விளக்கியதை நான் அருகில் நின்று கேட்டேன். அவருடைய அக்கறையை நான் மிகவும் மதிக்கிறேன்.

பழைய மருந்தின் ஆயுளைப் பற்றியும் ஒன்று. காலமான ஒருவரின் வீட்டுப் பொருள்களை விற்றபோது, கொட்டகையில் பல கோடைகளைக் கழித்த 4831 கொள்கலன் ஒன்று இருந்தது. மூடியைத் திறந்ததும் மூக்கைத் துளைக்கும் புளித்த அமில நெடி வந்தது. மூடியின் உட்புறம் துருப்பிடித்திருந்தது. துகள்களின் மேல் செம்பழுப்புத் தூசி படிந்திருந்தது. நல்ல மருந்தில் ஈதர், ஆல்கஹால் சாயலில் இனிய வாசனை வரும். நைட்ரோசெல்லுலோஸ் தானாகவே மெல்லச் சிதைந்து நைட்ரஜன் ஆக்சைடுகளை வெளிவிடும். அவற்றைப் பிடித்துவைக்கவே டைஃபினைலமைன் சேர்க்கிறார்கள். அது தீர்ந்துவிட்டால் சிதைவு தன்னைத்தானே விரைவுபடுத்திக்கொள்ளும், வெப்பம் ஏறும், தானாகத் தீப்பற்றவும் கூடும். அதை யாரும் வாங்கவில்லை. திறந்த வெளியில், ஓர் அங்குலத்துக்குமேல் கனமில்லாத சிறு சிறு பரப்பாக இட்டு எரித்துத் தீர்த்தார்கள்.

இது சிறு அளவு. லூசியானாவின் கேம்ப் மின்டனில் 2012 அக்டோபரில் கிடங்கு வெடித்தபின், ஒன்றரைக் கோடி பவுண்டு எம் 6 பீரங்கி மருந்து அங்கே முறையற்றுக் குவிக்கப்பட்டிருந்தது தெரியவந்தது; மூடிய அறையில் எரித்து முடிக்க 2017 வரை ஆனது. உபரியை வாங்குபவர் ஒவ்வொருவரும் அந்தச் செய்தியைத் தேடிப் படிக்க வேண்டும்.

தென்மாநிலத்தான் (டெக்சாஸ்):

இருவருக்கும் நன்றி. நான் சேர்ப்பது சிறிதுதான். தோட்டாவைப் பிரித்து எடுத்த மருந்து மலிவாக வருகிறது. பிரிக்கும் இடத்தில் பல லாட்டுகள் ஒன்றாகக் கலந்திருக்கலாம் என்பதால், வாங்கிய முழு அளவுக்கும் ஒரே லாட் எண்ணை எழுத்தில் தராத வியாபாரியிடம் நான் வாங்குவதில்லை. பறக்கும்போது ஒளிக்கோடு காட்டும் டிரேசர் தோட்டாவுக்கான 844 டி என்பது தனி மருந்து. அந்த "டி" லேபிளில் விடுபட்டால் யாருக்கும் தெரியாது.

உருண்டைத் துகள் மருந்துகள் பல வெயிலுக்கு அழுத்தம் கூடுபவை. ஜனவரியில் பார்த்த மேல்வரம்பை ஆகஸ்டில் காரின் பின்னிருக்கையில் கிடந்த தோட்டாவுக்கு ஏற்றுக்கொள்ள முடியாது. நான் கோடை மதியத்தில்தான் ஒரு லாட்டின் எல்லையைத் தீர்மானிக்கிறேன். ஒவ்வொரு தோட்டாப் பெட்டியின் மூடியிலும் மருந்தின் பெயர், லாட் எண், கிரெய்ன் அளவு, சோதித்த நாளின் வெப்பநிலை ஆகியவற்றை எழுதி ஒட்டுகிறேன். ஒரு லாட் தீரும் தறுவாயில், மிச்சத்தைப் புதிய லாட்டோடு ஒரே குடுவையில் கொட்டுவதில்லை. அந்த மிச்சத்துக்குரிய தோட்டாக்களை நிரப்பி முடித்து, அளவைக் கருவியைத் துடைத்துக் காலி செய்த பிறகே அடுத்த டப்பாவின் மூடியைத் திறக்கிறேன்.