‘ரெஜீம் சேஞ்ச்’: ‘ஆட்சி மாற்றம்’ என்றே விட்டுவிடலாமா?

மயூர் விகாரிலிருந்து:

குழுவினருக்கு வணக்கம். நம் வெளியுறவுச் சொற்பட்டியலில், ஒரு நாட்டு அரசை வேறொரு நாடு அகற்றுவதைச் சொல்லும் ‘ரெஜீம் சேஞ்ச்’ என்பதற்கு நேரே ‘ஆட்சி மாற்றம்’ என்று இருக்கிறது. அதை எடுத்துவிட வேண்டும். நம் வாசகருக்கு ஆட்சி மாற்றம் என்றால் தேர்தல். 2011-இல் தமிழ்நாட்டில் நடந்தது ஆட்சி மாற்றம், 2021-இல் நடந்ததும் அதுவே. அதே 2011-இல் லிபியாவில் நடந்ததற்கும் இந்தச் சொல்தானா?

இங்கே தில்லியின் இந்தி நாளிதழ்களும் இரண்டுக்கும் ‘சத்தா பரிவர்த்தன்’ என்றே போடுகின்றன. ராணுவம் அரசைப் பிடித்தால் ‘தக்தா பலட்’ என்று தனிச்சொல் உண்டு. நம்மிடம் உள்ள ‘ஆட்சிக் கவிழ்ப்பு’ கட்சித் தாவலுக்கும் நம்பிக்கையில்லாத் தீர்மானத்துக்கும் பழகிப்போய்விட்டது. வேறு வழி சொல்லுங்கள்.

ஆர்.கே. புரத்திலிருந்து:

ஐயா, எடுத்துவிடலாம். ஆனால் அதற்கு மாற்றாகக் குழுவில் முன்பு ஒருவர் சொன்ன ‘எண்ணெய்ப் படையெடுப்பு’ மட்டும் வேண்டாம். எண்ணெய்க்குப் பங்கில்லை என்று நான் சொல்லவில்லை. சொல்லுக்குள் ஒரே காரணத்தைப் பூட்டிவிட்டால் மற்றவை வெளியே நின்றுவிடும்.

ஈரானையே பாருங்கள். 1951-இல் எண்ணெய்த் தொழில் நாட்டுடைமையானது, மொசாடெக் பிரதமரானார். பிரிட்டன் ஈரானிய எண்ணெயை யாரும் வாங்கவிடாமல் தடுத்தது. 1952-இல் அந்த எண்ணெயை ஏற்றி வந்த ‘ரோஸ் மேரி’ என்ற கப்பலை ஏடனில் மடக்கிவைத்தது. லண்டனின் நோக்கம் இழந்த நிறுவனத்தை மீட்பது. அமெரிக்காவின் ட்ரூமன் அரசு லண்டனின் கவிழ்ப்புத் திட்டத்துக்கு இசையவில்லை. ஐசனாவர் அதிபராக வந்த பிறகு, ‘தூதே’ கட்சிக் கம்யூனிஸ்டுகள் கையில் ஈரான் போய்விடும், அப்புறம் சோவியத் கைக்குப் போய்விடும் என்ற வாதம் எடுபட்டது. 1953 ஆகஸ்ட் 15 இரவு முதல் முயற்சி தோற்றது, மன்னர் ஷா பாக்தாத் வழியாக ரோமுக்கு ஓடினார். நான்கு நாள் கழித்து, 19-ஆம் தேதி, மொசாடெக் வீழ்ந்தார். 1954-இல் அமைந்த எண்ணெய்க் கூட்டமைப்பில் பி.பி.க்கு (அந்த பிரிட்டிஷ் நிறுவனத்தின் புதுப்பெயர்) 40 விழுக்காடு, அமெரிக்க நிறுவனங்களுக்கு 40, ஷெல்லுக்கு 14, பிரெஞ்சு நிறுவனத்துக்கு 6. அதற்கு முன் ஈரானில் பங்கே இல்லாத அமெரிக்க நிறுவனங்களுக்கு 40! இதில் எண்ணெய் எங்கே முடிகிறது, வல்லரசுப் போட்டி எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழிக்க முடியாது.

2003-இல் அமெரிக்கா படையெடுத்த ஈராக்கில் கணக்கு வேறு மாதிரி வந்தது. 2009 ஏலத்தில் ருமைலா எண்ணெய் வயலை எடுத்தவை பி.பி.யும் சீன அரசின் எண்ணெய் நிறுவனமான சி.என்.பி.சி.யும். எண்ணெய் எடுத்துத் தரப் பீப்பாய்க்கு 2 டாலர் கூலி. அமெரிக்காவின் எக்ஸான்மொபில் தலைமையிலான குழு 4.80 கேட்டது, ஈராக் 2-க்கு மேல் ஏறவில்லை, குழு விலகியது. படைக்குத் தலைமை தாங்கிய அமெரிக்காவுக்கே வயல் போயிருக்கும் என்று நினைத்து ‘எண்ணெய்ப் படையெடுப்பு’ என்று எழுதுபவர் இந்த இடத்தில் விழிப்பார்.

குறை ‘மாற்றம்’ என்பதில் இருக்கிறது. தானாக மாறினாலும் மாற்றம், பிறர் மாற்றினாலும் மாற்றம். செய்தவர் காணாமல் போய்விடுகிறார். ‘ஆட்சி மாற்றல்’ என்று வைத்தால் மாற்றியவர் தெரிவாரே?

முனிர்க்காவிலிருந்து:

அம்மா, தில்லித் தமிழரிடம் ‘மாற்றல்’ என்று சொன்னால் ‘எந்த ஊருக்கு?’ என்று கேட்பார்கள். ‘மாற்றலாகி வந்தார்’ அவ்வளவு ஊறிய சொல். ‘ஆட்சி மாற்றல்’ என்றால் 1947-இன் அதிகார ஒப்படைப்பு போலவும் ஒலிக்கிறது. பள்ளி இலக்கணமே கைகொடுக்கும்: தன்வினை, பிறவினை. ‘பிறவினை ஆட்சிமாற்றம்’ என்று வைக்கலாம்.

மயூர் விகாரிலிருந்து:

‘பிறவினை’ எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் அச்சில் ‘பிற வினை’ என்று பிரித்துவிடுவார்கள், ‘வேறு செயல்’ என்று படிக்கப்படும். அதே கருத்தை வைத்துக்கொண்டு ‘அயல்விசை ஆட்சிமாற்றம்’ என்று முன்மொழிகிறேன். விசை என்றால் படை மட்டுமல்ல, பணம், தடை, உளவு எல்லாம் அடங்கும்.

லிபியா வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன். ஐ.நா. பாதுகாப்பு அவையின் 1973 என்ற எண்ணுள்ள தீர்மானம், 2011 மார்ச் 17: ஆதரவு 10, எதிர்ப்பு இல்லை, இந்தியா உட்பட 5 நாடுகள் வாக்களிக்கவில்லை. குடிமக்களைக் காக்கத் ‘தேவையான எல்லா நடவடிக்கைகளையும்’ அது அனுமதித்தது. இதைப் பழைய சொல்லில் ‘ஆட்சி மாற்றத்தை அனுமதிக்கவில்லை’ என்று எழுதினால், லிபியத் தலைவர் கடாஃபியே நீடிக்கட்டும் என்று ஐ.நா. சொன்னதாகப் பொருள் வந்துவிடும். ‘அயல்விசை ஆட்சிமாற்றத்தை அனுமதிக்கவில்லை’ என்றால் பொருள் நேராகிறது. ஏப்ரலில் ஒபாமா, கேமரன், சர்கோசி மூவரும் எழுதிய கட்டுரையையும் இப்போது மொழிபெயர்க்க முடிகிறது: கடாஃபியைப் பலவந்தமாக அகற்றுவது எங்களுக்கு இட்ட பணி அல்ல, ஆனால் அவர் ஆட்சியில் இருக்கும் லிபியாவுக்கு எதிர்காலத்தை நினைத்துப் பார்க்க முடியாது என்றார்கள் அவர்கள்.

சூயஸ் கால்வாய் நெருக்கடிக்கு ‘முயற்சி’ சேர்க்க வேண்டும். 1956-இல் பிரிட்டனும் பிரான்சும் எகிப்தின் அதிபர் நாசரை இறக்கப் பார்த்தன. வாஷிங்டன் பிரிட்டிஷ் பவுண்டின் மதிப்பைத் தாங்கவும் எண்ணெய் கொடுத்து உதவவும் மறுத்ததால் பின்வாங்கின. நாசர் இருந்தார், பிரிட்டிஷ் பிரதமர் ஈடன்தான் பதவி விலகினார்.

ஒரு கட்டுப்பாடும் பதிவில் ஏற வேண்டும். தெருவில் இறங்கும் சொந்த மக்களை ‘அயலார் ஏவிவிட்டவர்கள்’ என்று அடக்குவது எல்லா ஆட்சிகளுக்கும் கைவந்த பழக்கம். நம் சொல் அவர்கள் கையில் தடியாகிவிடக் கூடாது. ஈரானின் 1953 கவிழ்ப்பில் தன் பங்கை அமெரிக்க உளவுத்துறையான சி.ஐ.ஏ.யே 2013-இல் வெளியான ஆவணத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறது. அப்படிச் சான்று உள்ள இடத்தில் மட்டும் இச்சொல், மற்ற இடங்களில் ‘ஆட்சி வீழ்ச்சி’.

பதிவு இப்படி: “அயல்விசை ஆட்சிமாற்றம்: ஒரு நாட்டின் அரசை வேறொரு நாடு திட்டமிட்டு அகற்றி, தனக்கு இசைந்ததை அமர்த்துவது.” ‘அமர்த்துவது’ லிபியாவுக்குப் பொருந்தாது என்று தோன்றுகிறது. அங்கே அகற்றிவிட்டுப் போய்விட்டார்கள். ஆர்.கே. புரத்து அம்மா அந்தப் பாதியைத் திருத்தித் தாருங்கள்.