ஊசிக்களா: முழுச் சாறு அடக்குகிறது, பிரித்த பெர்பெரின் தோற்கிறது. ஏன்?

கோத்தகிரி_மைக்ரோ:
வணக்கம். ஊசிக்களா (பெர்பெரிஸ் டிங்டோரியா) தண்டுப்பட்டை, 10 கிராம் தூள். 100 மி.லி. 70% எத்தனாலில் 48 மணி நேரம் ஊறவைத்து வடித்த சாறு எம்.ஆர்.எஸ்.ஏ. கிருமியை (மெத்திசிலின் மருந்துக்கு அடங்காத ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ்) நன்றாக அடக்குகிறது. அதையே சிலிக்கா நிரப்பிய பிரிப்புத் தூணில் (column) ஏற்றிப் பிரித்த பெர்பெரினை (பட்டையின் மஞ்சள் ஆல்கலாய்டு), சாற்றில் இருந்த அதே அளவு வைத்தும் கிருமி வளர்கிறது. பிரிக்கும்போது கெட்டுவிட்டதா? பட்டை ஜூலையில் நிழலில் 12 நாள் காய்ந்தது.

தட்டு_வாசகர்:
கெட்டிருந்தால் எச்.பி.எல்.சி.யில் (கலவையைப் பிரித்து அளக்கும் கருவி) 345 நானோமீட்டரில் தெரியும். முதலில் அதைப் பாருங்கள். அங்கே சரியாக இருந்தால் கிருமியின் பம்பைத்தான் சந்தேகப்பட வேண்டும். ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸின் சவ்வில் இருக்கும் நார்-ஏ என்ற புரதம், உள்ளே வரும் பெர்பெரினை வெளியே இறைத்துவிடும். அமெரிக்க பெர்பெரிஸ் இனம் ஒன்றின் இலையில் இதற்கு எதிரான பொருள் இருப்பது 2000-இல் வெளியானது: 5'-மெத்தாக்ஸிஹைட்னோகார்பின். தனியாக அது கிருமியை ஒன்றும் செய்யாது. பம்பை மட்டும் அடைக்கும், பெர்பெரின் உள்ளே தங்கும். தூணில் ஏற்றினால் இரண்டும் வேறு வேறு குழாய்க்குப் போய்விடும். நம் மலைச் செடியின் பட்டையிலும் இதுதான் நடக்கிறதா என்பதைச் சோதித்தே சொல்ல வேண்டும்.

96 குழித் தட்டில், கேட்டயான் சரிசெய்த முல்லர்-ஹிண்டன் குழம்பில் (கிருமி வளர்க்கும் திரவம்), பெர்பெரினை 512 மைக்ரோகிராம்/மி.லி.யிலிருந்து பாதி பாதியாக இறக்குங்கள். ஒரு வரிசை வெறும் பெர்பெரின், அடுத்தது பம்பை அடைக்கும் என்று தெரிந்த ரெசர்பின் 20 மைக்ரோகிராம்/மி.லி. சேர்த்தது, மூன்றாவது தூணில் பிரிந்து நீங்கள் ஒதுக்கிய மற்றப் பகுதிகள் சேர்த்தது. 0.5 மெக்ஃபார்லாண்ட் (கலங்கல் அளவுகோல்) அளவுள்ள கிருமிக் கலங்கலை 150 மடங்கு நீர்த்து, குழியில் சம அளவு விட்டால் மி.லி.க்கு 5 லட்சம் கிருமி. 35 டிகிரியில் 16–20 மணி நேரம். கரைப்பானான டி.எம்.எஸ்.ஓ. 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அது மட்டும் உள்ள குழியும், ரெசர்பின் மட்டும் உள்ள குழியும் கட்டாயம். எம்.ஐ.சி. (வளர்ச்சியைத் தடுக்கும் மிகக் குறைந்த செறிவு) இரண்டு மடங்கு குறைந்தால் அது சோதனைப் பிழைக்குள் வரும். நாலு மடங்காவது குறைய வேண்டும். மஞ்சள் நிறத்துக்குப் பயப்பட வேண்டாம், பெர்பெரின் 600 நானோமீட்டரில் ஒளியை உறிஞ்சாது.

சோலை_ஓரம்:
எனக்கு உறுத்துவது அந்த 12 நாள்தான். தென்மேற்குப் பருவத்து மூடுபனியில் நிழலில் போட்ட பட்டை பூசணம் பிடிக்கும். சில பூசணங்களே கிருமிக்கொல்லியைச் சுரக்கும், அப்போது முழுச் சாற்றின் வீரியம் ஊசிக்களாவுடையது என்று சொல்ல முடியாது. மெல்லிய சீவலாக்கி 40 டிகிரி அடுப்பில் காயவைத்துச் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள்.

செடியையும் உறுதிசெய்யுங்கள். மஹோனியாவும் இதே சோலைகளில் வளரும், உள்ளே அதுவும் மஞ்சள்தான். ஊசிக்களாவுக்குத் தனி இலை, தண்டில் முள். மஹோனியாவுக்குக் கூட்டிலை, தண்டில் முள் இருக்காது. பூவோடு ஒரு கிளையை அழுத்திக் காயவைத்து, கோவையில் உள்ள இந்தியத் தாவர மதிப்பாய்வகத்தின் உலர்தாவரகத்தில் காட்டலாம். வனத்துறை அனுமதி வாங்கி, கவாத்து செய்த கிளையிலிருந்து மட்டும் எடுங்கள். வேரைத் தோண்டினால் செடியே போய்விடும், அதுவும் இது தென்னிந்திய மலைகளுக்கே உரிய செடி.

கோத்தகிரி_மைக்ரோ:
நன்றி. இலைச் சாற்றையும் ஒரு வரிசையாக வைக்கலாமா?

தட்டு_வாசகர்:
கட்டாயம் வையுங்கள், ஆனால் பி.வி.பி.பி. தூளால் டானினை எடுத்த பிறகு. இல்லாவிட்டால் டானின் கண்டதையெல்லாம் பிடித்துக்கொண்டு பொய் முடிவு தரும். தட்டை அலுமினியத் தாளால் மூடிவிடுங்கள்: பச்சையம் சிதைந்து வரும் ஃபியோஃபார்பைடு வெளிச்சம் பட்டால் தானே கிருமியைக் கொல்லும்.