வியூ 3: வடிகட்டும்போது கார்டு மேல் இடது மூலைக்குத் தாவுகிறது, மிச்சக் கார்டுகள் நகராமல் குதிக்கின்றன

பாயான்_பாரு_வெப்:
வணக்கம். ஜார்ஜ்டவுனில் ஒரு நாசி கண்டார் கடைக்கு வியூ 3 (ஜாவாஸ்கிரிப்ட் ஃபிரேம்வொர்க்) வைத்து ஆர்டர் பக்கம் செய்கிறேன். சிஎஸ்எஸ் கிரிட், கணினியில் மூன்று பத்தி, கைப்பேசியில் ஒன்று. மேலே பசியாறல், சோறு, மீ, தண்ணி என்று நாலு பொத்தான். அழுத்தினால் கம்ப்யூட்டட் பட்டியல் (தரவு மாறினால் வியூ தானாகக் கணக்கிடுவது) மாறி, அந்த வகைக் கார்டுகள் மட்டும் மிஞ்சும். உணவுக் கார்டுகள் டிரான்ஸிஷன்குரூப்புக்குள் (பட்டியலில் உறுப்புகள் வரும்போதும் போகும்போதும் நகரும்போதும் அசைவு காட்டும் வியூ காம்பொனென்ட்) இருக்கின்றன. டேக் ‘டிவ்’, நேம் ‘கார்டு’. கார்டு வரும்போது ஏறும் என்டர்-ஆக்டிவ், போகும்போது ஏறும் லீவ்-ஆக்டிவ், இடம் மாறும்போது ஏறும் மூவ் ஆகிய மூன்று கிளாஸுக்கும் 300 மில்லிசெகண்ட் வைத்திருக்கிறேன். லீவ்-ஆக்டிவில் பொசிஷன் அப்சலூட் உண்டு. ஒவ்வொரு கார்டையும் வியூ அடையாளம் காணும் கீயாக, வி-ஃபார் லூப் தரும் இன்டெக்ஸை (வரிசை எண்) கொடுத்திருக்கிறேன்.

எந்தப் பொத்தானை அழுத்தினாலும் கடைசியில் இருக்கும் கார்டுகள்தான் மறைகின்றன. முன்னால் உள்ளவற்றில் எழுத்தும் படமும் மட்டும் மாறுகின்றன. மறைகிற கார்டு கிரிட்டின் மேல் இடது மூலைக்குத் தாவி அங்கே மங்குகிறது. கன்சோலில் ஒரு எச்சரிக்கையும் இல்லை. எங்கிருந்து பார்ப்பது?

செந்தூல்_நிரலர்:
கீயை முதலில் மாற்றுங்க லா. 12 கார்டு 5 ஆகக் குறைந்தால், இன்டெக்ஸ் கீயைப் பார்க்கும் வியூவுக்கு 0 முதல் 4 வரை அப்படியே இருக்கின்றன, 5 முதல் 11 வரை போய்விட்டன, அவ்வளவுதான். மீ கோரேங் இருந்த பெட்டியில் தே தாரிக்கை எழுதிவிட்டு, வால்பகுதியை வெட்டிவிடும். எந்தப் பெட்டியும் இடம் மாறாததால் மூவ் கிளாஸுக்கு வேலையே இல்லை. தரவுத்தளத்தில் உள்ள பொருள் எண்ணைக் கீயாகக் கொடுங்கள்.

அதற்குப் பிறகும் நகராவிட்டால், கார்டின் சொந்த சிஎஸ்எஸ்ஸில் டிரான்ஸிஷன் ஏதாவது எழுதியிருக்கிறீர்களா என்று பாருங்கள். ஹோவரில் நிழல் வருவதற்கு ‘பாக்ஸ்-ஷேடோ 200 மில்லிசெகண்ட்’ என்று எல்லோரும் போடுவதுதான். அந்த விதி ‘கார்டு-மூவ்’ விதியைவிட வலுவாகவோ, அதே வலுவில் கீழே எழுதப்பட்டோ இருந்தால், மூவில் உள்ள டிரான்ஸ்ஃபார்ம் டிரான்ஸிஷன் அடிபட்டுப்போகும். வியூ நகர்த்துவதற்கு முன்னால் பட்டியலின் முதல் கார்டை நகலெடுத்து, அதில் மூவ் கிளாஸைப் போட்டு, டிரான்ஸ்ஃபார்முக்கு டிரான்ஸிஷன் இருக்கிறதா என்று சோதிக்கும். இல்லையென்றால் மொத்த நகர்வையும் சத்தமில்லாமல் விட்டுவிடும். கன்சோல் சுத்தமாக இருப்பது இதனால்தான். சோதிப்பது முதல் கார்டை மட்டுமே என்பதையும் கவனியுங்கள். வேறு கிளாஸ் உள்ள விளம்பரப் பெட்டி ஒன்று முதலில் நின்றால், அதன் தலைவிதிதான் எல்லோருக்கும்.

இதைக் கையாலேயே சரிபார்க்கலாம். பிரவுசரின் டெவலப்பர் டூல்ஸில் உள்ள எலிமெண்ட்ஸ் பேனலில் முதல் கார்டுக்கு ‘கார்டு-மூவ்’ கிளாஸைச் சேர்த்து, கம்ப்யூட்டட் பகுதியில் டிரான்ஸிஷன்-ப்ராப்பர்ட்டி என்ன காட்டுகிறது என்று பாருங்கள். ‘டிரான்ஸ்ஃபார்ம்’ அல்லது ‘ஆல்’ இருந்தாக வேண்டும். இம்பார்ட்டன்ட் போட்டு அடக்குவதைவிட, நிழல், ஹோவர் பெரிதாக்கல் இரண்டையும் உள்ளே ஒரு டிவ்வுக்கு மாற்றுவதே நல்லது. நகர்வுக்கு வியூ வெளி உறுப்பின் டிரான்ஸ்ஃபார்மைத்தான் எடுத்துக்கொள்கிறது. இரண்டு பேர் ஒரே ஸ்டியரிங்கைப் பிடிக்க முடியாது.

பட்டர்வொர்த்_சிஎஸ்எஸ்:
மூலைக்குத் தாவுவது வியூவின் பிழை இல்லை, கிரிட்டின் விதி. கிரிட்டுக்குள் ஒரு உறுப்பை அப்சலூட் ஆக்கி லெஃப்ட், டாப் கொடுக்காமல் விட்டால், பிரவுசர் அதைக் கிரிட்டில் தனியாக இருக்கும் ஒரே உறுப்பு மாதிரி வைக்கும். அதாவது மேல் இடது மூலை. ஃபிளெக்ஸிலும் இதே கதைதான். சாதாரண பிளாக் பட்டியலில் மட்டும் இருந்த இடத்திலேயே நிற்கும், அதனால் டாக்குமென்டேஷனில் உள்ள மாதிரி அழகாக வேலை செய்கிறது.

அப்சலூட்டை எடுத்துவிடவும் முடியாது. எடுத்தால் போகிற கார்டு 300 மில்லிசெகண்ட் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும், மற்றவை அது போன பிறகு ஒரே குதி.

கன்டெய்னருக்கு பொசிஷன் ரிலேட்டிவ் கொடுங்கள். பிஃபோர்-லீவ் ஹூக்கில் (கார்டு போவதற்குச் சற்று முன் வியூ அழைக்கும் ஃபங்ஷன்) ஆஃப்செட்லெஃப்ட், ஆஃப்செட்டாப் இரண்டையும் எடுத்து இன்லைன் ஸ்டைலில் லெஃப்ட், டாப்பாக எழுதுங்கள். அகலம், உயரம் இரண்டையும் கெட்பவுண்டிங்கிளையன்ட்ரெக்டிலிருந்து எடுங்கள். ஆஃப்செட்வித் முழு எண்ணாக்கிவிடும், அரை பிக்சல் குறைந்தாலே கடைசிச் சொல் அடுத்த வரிக்கு இறங்கும். மாறாக, இடத்துக்கு பவுண்டிங்ரெக்ட் வேண்டாம். கார்டு நகர்ந்துகொண்டிருக்கும்போது அழுத்தினால் நடுவழியில் உள்ள இடத்தைத் தரும். பாக்ஸ்-சைஸிங் பார்டர்-பாக்ஸாக இருக்கட்டும். கார்டில் மார்ஜின் இருந்தால் அது இரண்டு முறை சேரும், ஆகவே இடைவெளிக்குக் கிரிட்டின் கேப் பயன்படுத்துங்கள்.

பாயான்_பாரு_வெப்:
நன்றி அண்ணே, இருவருக்கும். கீ மாற்றினேன், நிழலை உள்ளே தள்ளினேன், இப்போது நகர்கிறது. ஒரு கார்டு போனால் மூலைத் தாவலும் இல்லை. ஆனால் பொத்தானை அழுத்தி ஐந்தாறு கார்டு ஒன்றாகப் போனால், முதலாவது மட்டும் சரியான இடத்தில் மங்குகிறது; அடுத்தவை முன்னால் உள்ள இடங்களுக்கு ஏறிக்கொள்கின்றன. இன்னொன்று, கோலாலம்பூர் அலுவலகத்தில் உள்ள விண்டோஸ் 11 கணினியில் எதுவுமே அசையவில்லை, கார்டுகள் சட்டென்று மாறுகின்றன.

பட்டர்வொர்த்_சிஎஸ்எஸ்:
போகிற கார்டுகளை வியூ வரிசையாக ஒவ்வொன்றாக எடுக்கும். முதலாவதுக்கு ஹூக் ஓடி, லீவ்-ஆக்டிவ் ஏறியதும் அது உடனே அப்சலூட் ஆகிவிடுகிறது. கிரிட் ஒரு இடம் முன்னால் நகர்ந்த பிறகுதான் இரண்டாவதை அளக்கிறீர்கள். எல்லாவற்றையும் டாம் (பிரவுசரில் உள்ள பக்கத்தின் உறுப்பு மரம்) மாறுவதற்கு முன்பே அளந்து வைக்க வேண்டும். வடிகட்டிய கம்ப்யூட்டட் மேல் ஒரு வாட்ச் (மதிப்பு மாறும்போது ஓடும் ஃபங்ஷன்) போடுங்கள். எப்போது ஓட வேண்டும் என்று சொல்லும் ஃப்ளஷ் விருப்பம் எதுவும் குறிப்பிடாமல் விட்டால் அது டாம் மாறும் முன்னரே ஓடும். அதில் எல்லாக் கார்டுகளின் இடத்தையும் அளவையும் ஒரு வீக்மேப்பில் (உறுப்பைச் சாவியாக வைத்து மதிப்பைச் சேமிப்பது) எழுதி, ஹூக்கில் அதிலிருந்து எடுங்கள். காம்பொனென்ட் புதுப்பிக்கப்படும் முன் ஓடும் ஆன்பிஃபோர்அப்டேட் ஹூக்கை நம்ப வேண்டாம்: பட்டியல் டிரான்ஸிஷன்குரூப்பின் ஸ்லாட்டுக்குள் (நாம் உள்ளே தரும் பகுதி) இருப்பதால் டிரான்ஸிஷன்குரூப் மட்டும் புதுப்பிக்கப்பட்டு, உங்கள் காம்பொனென்டின் ஹூக் அழைக்கப்படாமலே போகலாம்.

செந்தூல்_நிரலர்:
அந்தக் கணினியில் செட்டிங்ஸ், அக்ஸஸிபிலிட்டி, விஷுவல் எஃபெக்ட்ஸ் போய் அனிமேஷன் எஃபெக்ட்ஸ் அணைத்திருக்கிறதா பாருங்கள். அணைத்தால் பிரவுசரில் ப்ரிஃபர்ஸ்-ரெட்யூஸ்டு-மோஷன் (அசைவு குறைவாக வேண்டும் என்ற விருப்பம்) ‘ரெட்யூஸ்’ ஆகும். உங்கள் சிஎஸ்எஸ் ரீசெட் கோப்பில் அதற்கு ஒரு மீடியா விதி இருந்து, டிரான்ஸிஷன் நேரத்தை 0.01 மில்லிசெகண்ட் ஆக்கியிருக்கலாம். உங்கள் கணினியிலேயே குரோமின் ரெண்டரிங் பேனலில் இதைப் போலியாக இயக்கிப் பார்க்க முடியும். விதி இருந்தால் அதை நீக்காதீர்கள், தலை சுற்றுகிறவர்கள் வேண்டுமென்றேதான் அணைத்து வைக்கிறார்கள். அலுவலகத்தில் சொல்லிவிடுங்கள், போதும்.