புதுப்பிப்பு: பிடோக்கில் பிள்ளைகளோடு தூண்டில்

போன மாதம் இங்கே கேட்டிருந்தேன்: தூண்டிலையே தொட்டதில்லை, 8 வயது மகளையும் 11 வயது மகனையும் மீன்பிடிக்க அழைத்துப் போக வழிகாட்டி தேவையா என்று. பலரும் தேவை என்றீர்கள். போன ஞாயிறு போய்விட்டு வந்தோம், சிங்கப்பூரின் பிடோக் நீர்த்தேக்கத்துக்கு.

முதல் சொதப்பல் என்னுடையது. தேக்கா சந்தையில் அரை கிலோ இறால் வாங்கிப் போனேன். வழிகாட்டி அண்ணன் பையைப் பார்த்துச் சிரித்துவிட்டார். நீர்த்தேக்கங்களில் செயற்கை இரை மட்டும்தான், அதுவும் அனுமதித்த இடத்தில்தான். சரி, இறால் ராத்திரி சம்பாலாகிவிட்டது.

அவர் முதலில் செய்தது, பிளையரால் தூண்டில் முள்ளின் எதிர்க்கொக்கியை, அதாவது முனையருகே பின்பக்கமாக நீட்டியிருக்கும் சின்னக் கூரை, நசுக்கியதுதான். பிள்ளை கையில் குத்தினாலும் சுலபமாக உருவிவிடலாம், மீனுக்கும் காயம் குறைவு. அப்புறம் ஒரே பாடம்: வீசுவதற்கு முன் பின்னால் திரும்பிப் பார். மகன் இரண்டு முறை மறந்தான், ஒரு முறை என் தொப்பி போனது.

இரண்டு மணி நேரத்தில் ஒரே மீன், அதுவும் மகளுக்கு. உள்ளங்கை நீளப் பீகாக் பாஸ். வாலில் கண் மாதிரி கறுப்பு வட்டம். தென்னமெரிக்க மீனாம். கையை நனைத்துக்கொண்டுதான் தொட வேண்டும் என்றார், இல்லாவிட்டால் அதன் வழவழப்புப் போய்விடுமாம்.

மூன்று மணி நேரத்துக்குப் பணம் கட்டியிருந்தேன். சின்னப் பிள்ளைகளுக்கு இரண்டே தாராளம். கடைசி ஒரு மணி நேரம் மகள் எறும்பு பார்த்துக்கொண்டிருந்தாள்.