முதல் ஓட்டமும் ஐந்தாவது ஓட்டமும்

புதிய கைபேசி கைக்கு வந்ததும் அதைப் பழையதன் அருகில் வைத்து, இரண்டுக்கும் ஒரே வேலையைக் கொடுத்துப் பார்ப்பது எனது நெடுநாள் வழக்கம். ஏறத்தாழ இரண்டாயிரம் படங்கள் அடங்கிய கோப்புறை ஒன்றை, ஒரே செயலியின் ஒரே பதிப்பைக் கொண்டு, சார்ஜரைக் கழற்றிவிட்டு ஜிப் கோப்பாகச் சுருக்கி, ஆகும் நேரத்தைக் குறித்துக்கொள்வேன். வீடியோ ஏற்றுமதியைச் சோதனையாக வைப்பதில்லை. பெரும்பாலும் அதைச் சிப்பில் உள்ள தனிச் சுற்றே கவனித்துக்கொள்வதால், ப்ராசசர் கோர்களின் (பொதுக் கணக்குகளைச் செய்யும் பகுதிகளின்) திறன் அதில் சரியாக வெளிப்படாது.

சென்ற முறை மாற்றியபோது, இரண்டு தலைமுறை முன்னேறிய சிப் என்பதால் நிறைய எதிர்பார்த்தேன். முதல் ஓட்டத்தில் அந்த எதிர்பார்ப்பு பொய்க்கவில்லை. பழையது ஆறு நிமிடம் எடுத்த வேலையைப் புதியது நான்கு நிமிடத்தில் முடித்தது. ஆனால் இடைவெளி விடாமல் அதே வேலையைத் திரும்பத் திரும்பக் கொடுத்தபோது, மூன்றாவது ஓட்டத்தில் கேமராவை ஒட்டிய பின்பகுதி விரல் வைக்க முடியாதபடி சுட்டது. நான்காவதில் திரையின் வெளிச்சம் தானாக மங்கியது. ஐந்தாவது முடிய ஐந்தரை நிமிடம் ஆயிற்று. பழைய கைபேசியோ ஐந்து முறையும் ஏறக்குறைய ஆறு நிமிடத்திலேயே நின்றது. விசிறி இல்லாத கருவியில் வெப்பம் உடல் வழியாகத்தான் வெளியேற வேண்டும். அது போதாதபோது சிப் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. இரண்டு தலைமுறை முன்னேற்றத்தில் பெரும்பகுதி அங்கேயே கரைந்துவிட்டது.

நிறுவனங்கள் அறிவிக்கும் சதவீதங்களையும் இந்தக் கண்ணோடுதான் இப்போது படிக்கிறேன். 2015இல் ஐபோனில் வந்த ஏ9 சிப்பின் சிபியு (அதாவது ப்ராசசர் பகுதி), முந்தைய ஏ8-ஐ விட 70 சதவீதம் வேகமானது என்று ஆப்பிள் அறிவித்தது. 2023இன் ஏ17 ப்ரோவுக்கு அது சொன்னது 10 சதவீதம். இவற்றுக்கு இடையில் தயாரிப்பு நுட்பம் 14, 16 நானோமீட்டரிலிருந்து 3 நானோமீட்டருக்கு வந்துவிட்டது. (இந்த எண்கள் இன்று தலைமுறைப் பெயர்களே தவிர, சிப்பில் உள்ள நுண்ணிய மின்விசையான ட்ரான்சிஸ்டரின் எந்தப் பகுதியின் அளவும் அல்ல.) நான்கு நிமிட வேலையில் 10 சதவீதம் என்பது இருபத்து நான்கு நொடிகூட இல்லை. அதனால் ஒரு தலைமுறைக்காகக் கைபேசி மாற்றுவதை நான் நிறுத்திவிட்டேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பழைய குறிப்பில் இருந்த, வேகத்தை அளக்கும் செயலியான கீக்பெஞ்ச் 5 தந்த மதிப்பெண்ணை, புதியதில் எடுத்த கீக்பெஞ்ச் 6 மதிப்பெண்ணோடு ஒருமுறை ஒப்பிட்டுவிட்டேன். ஒப்பீட்டுக்கு அடிப்படையான கணினிக்கு முன்னது தரும் மதிப்பெண் 1000, பின்னது தருவது 2500. அடிப்படையாகக் கொண்ட கணினிகளும் வேறு. அந்த ஒப்பீட்டுக்குப் பொருளே இல்லை.

---

ஐயா, தங்கள் ஐந்தாவது ஓட்டத்தைப் படித்ததும் எனக்கு நேர்ந்தது நினைவுக்கு வந்தது. என்னிடமும் என் தம்பியிடமும் இருந்த கைபேசிகளில் ஒரே சிப்தான். பெஞ்ச்மார்க் என்னும் வேகச் சோதனையை ஒருமுறை ஓட்டினால் வேறுபாடே தெரியாது. அரை மணி நேரம் விளையாடினால் என்னுடைய மெல்லிய கைபேசியில் காட்சிகள் திக்கத் தொடங்கும். சற்றுத் தடித்த, வெப்பம் பரவ அகலமான தகடு வைத்த அவனுடையதில் அப்படி ஆகாது.

சிப்பின் வடிவமைப்பும் முழுக் கதை அல்ல. 2022இல் குவால்காம் நிறுவனத்தின் ஸ்னாப்டிராகன் 8 ஜென் 1 சிப்புக்குப் பின் வந்த 8 ப்ளஸ் ஜென் 1, ஏறக்குறைய அதே வடிவமைப்பைச் சாம்சங் ஆலையிலிருந்து டிஎஸ்எம்சி ஆலைக்கு மாற்றித் தயாரித்ததுதான். சிபியு வேகம் 10 சதவீதம் கூடியது என்றும் மின்சிக்கனம் 30 சதவீதம் மேம்பட்டது என்றும் குவால்காம் அறிவித்தது. மின்செலவு குறைந்தால் வெப்பமும் குறையும் என்பதால், தங்கள் ஐந்தாவது ஓட்டத்தில் எடுபடக்கூடியது அந்த 30தான்.

ஒன்று கேட்க வேண்டும்: சோதனையின்போது கைபேசியின் உறையைக் கழற்றியிருந்தீர்களா?